காலாவதியான கடனுக்கு வரும் அழைப்பு

2006-இல் ஏபிஎன் ஆம்ரோ வங்கியின் கிரெடிட் கார்டை வாங்கியவர் இன்று அந்த வங்கியைத் தேடிப் போனால் பெயர்ப்பலகைகூடக் கிடைக்காது. 2007-இல் அந்த டச்சு வங்கியை ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து உள்ளிட்ட மூன்று வங்கிகள் சேர்ந்து வாங்கின. இந்தியக் கிளைகளில் பெயர் மாறியது. 2013-இல் இங்கிருந்த அதன் கார்டு வணிகம் கோலாப்பூரில் பிறந்த ரத்னாகர் வங்கிக்குக் கைமாறியது. இப்போது அதன் பெயர் ஆர்பிஎல். டாய்ச்ச வங்கியின் கார்டுகள் 2011-இல் இன்டஸ்இண்டுக்கும், சிட்டி வங்கியின் கார்டுகள் 2023 மார்ச்சில் ஆக்சிஸுக்கும் போய்ச் சேர்ந்தன. இதெல்லாம் ஒழுங்காகப் பணம் கட்டியவர்களின் கணக்குகள் போன வழி. கட்டாமல் நின்றுபோன கணக்குகளுக்கு வேறு பாதை உண்டு. அவற்றை மொத்தமாகக் கட்டிச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடுகிறார்கள். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் அந்த நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தது. வாராக்கடனை இப்படி மாற்றிக்கொடுக்க வங்கிகளுக்கு உரிமை உண்டு என்று 2010-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, கேள்வியே படாத ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, "சார், உங்க கார்டு பாக்கி விஷயமா" என்று ஒரு போன் வருவதன் பின்கதை இதுதான்.

அந்தப் பாக்கிகளில் கணிசமானவை ஒரே காலத்தில் விளைந்தவை. 2000-களின் நடுவில் பெட்ரோல் பங்க் வாசலிலும் ஐடி கம்பெனி கேன்டீனிலும் மேசை போட்டுக் கார்டு கொடுத்தார்கள். சம்பளச் சீட்டு ஒன்று போதும். 2008 உலக நெருக்கடியில் வேலை போனவர்கள் முதலில் நிறுத்தியது கார்டு பில்லைத்தான். 2008-இல் நாட்டில் ஏறத்தாழ 2.75 கோடியாக இருந்த கிரெடிட் கார்டுகள் 2011-இல் 1.8 கோடியாகச் சுருங்கின. வங்கிகள் கார்டுகளை வெட்டின. நின்றுபோன பாக்கிகளை ஏட்டிலிருந்து கழித்தன. 2024 தொடக்கத்தில் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. அடுத்த தலைமுறையின் பழைய பாக்கிகள் இப்போதே உருவாகிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

ஏட்டிலிருந்து கழிப்பதைத்தான் 'ரைட்-ஆஃப்' என்கிறார்கள். சிபில் அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுக் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. தள்ளுபடி வேறு, இது வேறு. இது வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை. உங்கள் மேல் உள்ள பாத்தியதை அப்படியே இருக்கும், விற்கப்படவும் செய்யும்.

தொகை எப்படி வீங்குகிறது என்பதையும் பார்த்துவிடலாம். மாதம் 3.5 சதவீத வட்டியில் 50,000 ரூபாய் பாக்கியைத் தொடாமல் விட்டு, வட்டிக்கு வட்டி ஏறினால் ஓராண்டில் அது 75,500 ஆகும்; மூன்றாண்டில் 1.72 லட்சம். தாமதக் கட்டணமும் வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, கடைசியில் 2024 டிசம்பர் 20 அன்று ரத்தே செய்துவிட்டது. தெருமுனை வட்டிக்காரருக்குக் கந்துவட்டித் தடைச் சட்டம் போட்ட மாநிலத்தில், அதைவிட அதிகமான வட்டியை அச்சடித்த பில்லில் வாங்கலாம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் இன்று இப்படித்தான் நிற்கிறது. எனவே பழைய பாக்கிக்காரருக்கு வட்டி விகிதத்தில் புகலிடம் இல்லை. இருக்கும் புகலிடம் காலத்தில் இருக்கிறது.

அது 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். கோர்ட்டு வளாகத்தில் 'லிமிடேஷன்' என்றால்தான் புரியும். கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டு. கார்டு விஷயத்தில், தவணை தவறிய நாள், கடைசியாகப் பணம் கட்டிய நாள் ஆகியவற்றை வைத்து இந்தக் கணக்கு ஓடும்.

தமிழ்நாட்டில் இதைச் சட்டப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. புரோநோட்டில் கடன் கொடுத்த எவருக்கும் தெரியும். மூன்று வருஷம் முடியப்போகிறது என்றால் கடன் கொடுத்தவர் வீடு தேடி வருவார். "அசலைப் பிறகு பார்த்துக்கலாம், ஒரு ஐந்நூறு கொடுத்து வரவு வெச்சுடு" என்பார். நோட்டின் பின்பக்கம் தேதி போட்டு, இன்ன தொகை வரவு என்று எழுதி, கடன் வாங்கியவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தோடு இன்னொரு மூன்று வருஷம் பிறந்துவிடும். காலவரம்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்வது இதையேதான்: கெடு முடிவதற்குள் ஒரு பகுதியைக் கட்டி, கட்டியதற்குக் கட்டியவர் கைப்பட எழுத்தோ கையெழுத்தோ இருந்தால், அன்றிலிருந்து புதுக் கணக்கு. 18-ஆம் பிரிவின்படி பணமே வேண்டாம். கெடுவுக்குள் "பாக்கி இருப்பது உண்மை" என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். மின்னஞ்சலையும் அப்படிப்பட்ட எழுத்தாக ஏற்ற தீர்ப்புகள் உண்டு.

இரண்டு பிரிவுகளிலும் 'கெடு முடிவதற்குள்' என்ற சொற்கள்தான் உயிர். கெடு முடிந்த பிறகு ஆயிரம் ரூபாய் கட்டினாலும், "பாக்கி உண்டு" என்று எழுதிக் கொடுத்தாலும், இந்தப் பிரிவுகளின்படி செத்த காலம் மீளாது. அதற்கு இன்னொரு கதவு வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 25-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அது. காலாவதியான கடனைக் கட்டுகிறேன் என்று ஒருவர் எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டால், அது புத்தம் புதிய ஒப்பந்தம். 'பாக்கி இருக்கிறது' என்பதற்கும் 'கட்டிவிடுகிறேன்' என்பதற்கும் இடையில் உள்ள தூரம் பேச்சில் ஒரு மூச்சு. சட்டத்தில் அது மூன்று வருஷ வழக்கு.

வசூல் பேச்சு எங்கே போய் முடிகிறது என்பதை இந்த வெளிச்சத்தில் கவனித்துப் பாருங்கள். முதலில் வருவது டெலிகாலர். குரலில் அதட்டல் இருக்காது. பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்: "சார், அவுட்ஸ்டாண்டிங் மூணு லட்சத்து நாப்பதாயிரம் காட்டுது. மேனேஜர்கிட்ட பேசி நாப்பத்தஞ்சாயிரத்துக்கு செட்டில்மென்ட் அப்ரூவல் வாங்கித் தர்றேன். இந்த மாசம் முடியறதுக்குள்ள டோக்கனா ஒரு மூவாயிரம் போட்டுடுங்க, ஃபைல் லீகலுக்குப் போகாம நிறுத்தி வெக்கிறேன்." நீங்கள் தயங்கினால், "சரி, பணம் அப்புறம் பாத்துக்கலாம். செட்டில்மென்ட் ரிக்வெஸ்ட் லெட்டர் மட்டும் சைன் பண்ணி வாட்ஸப்ல அனுப்புங்க" என்பார். மூன்று லட்சம் நாற்பத்தைந்தாயிரமாக இறங்கிய மகிழ்ச்சியில் அந்தக் கடிதத்தை வரிவரியாகப் படிக்க யாருக்கும் தோன்றாது. அதில் பெரும்பாலும் பாக்கியை ஒப்புக்கொள்ளும் வரி ஒன்றும், கட்டுவதாக உறுதி கூறும் வரி ஒன்றும் இருக்கும். போனில் பேசும் பிள்ளைக்கு 25-ஆம் பிரிவெல்லாம் தெரியாது. மாத டார்கெட்டும் இன்சென்டிவும்தான் அவர் கவலை. கடிதத்தை வரைந்தவருக்குத் தெரியும்.

அடுத்து வருவது கடிதம். தேசியச் சின்னமோ தராசுப் படமோ போட்டு, தடித்த எழுத்தில் 'லோக் அதாலத்' என்று தலைப்பிட்ட ஒன்று வந்தால் வீட்டில் யாருக்கும் அன்று சோறு இறங்காது. அதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். வழக்கு எண் என்ற இடத்தில் பெரும்பாலும் 'வழக்குக்கு முந்தைய நிலை' என்று இருக்கும். அதாவது இன்னும் வழக்கே இல்லை. சமரசம் பேசக் கூப்பிடுகிறார்கள். போகாவிட்டால் அங்கே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுத முடியாது. இரு தரப்பும் ஒப்பினால்தான் லோக் அதாலத்தில் முடிவு. ஆனால் போய், மேசையில் எழுதிய தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. நிறைவேற்றக் கெடு 12 ஆண்டு. காலாவதியாகிவிட்ட ஒரு பாக்கி, ஒரு சனிக்கிழமைக் காலையில் 12 ஆண்டு ஆயுள் பெற்றுவிடும். (நிரந்தர லோக் அதாலத் என்பது வேறு, சில வகை விவகாரங்களில் சமரசம் ஆகாவிட்டாலும் முடிவு சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. அந்தத் தலைப்பில் கடிதம் வந்தால் வக்கீலிடம் காட்டாமல் இருக்கக் கூடாது.)

இங்கே எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பழைய பாக்கியும் காலாவதியானது என்று எண்ணிக்கொண்டு இருந்துவிட முடியாது. வங்கி கெடுவுக்குள் வழக்குப் போட்டு, நீங்கள் வீடு மாறிப் போனதால் சம்மன் சேராமல், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாணை வாங்கியிருக்கலாம். அப்படியானால் மூன்று ஆண்டுக் கணக்குக்கு வேலை இல்லை. அந்தத் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை நீக்கக் கோரி மனுப் போட வேண்டும். ஆர்பிட்ரேஷன் தீர்ப்பும் இதே வலு கொண்டது. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாள்களை லிமிடேஷன் கணக்கிலிருந்து கழித்துவிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019 ஏப்ரலில் நின்றுபோன கார்டுக்கு 2022 ஏப்ரலிலேயே கெடு முடிந்தது என்று சிலர் எண்ணினார்கள். உண்மையில் அது 2024 மார்ச்-ஏப்ரல் வரை ஓடியது. ஆக, முதல் கேள்வி எப்போதும் தேதிகளைப் பற்றியது. கடைசியாகக் கட்டியது எப்போது, எதிலாவது கையெழுத்திட்டது உண்டா, கோர்ட்டிலிருந்து ஏதாவது வந்ததா.

கெடு முடிந்திருந்தும் வழக்கு வந்தால்? காலவரம்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு இந்தியச் சட்டத்தின் நல்ல பக்கம். எதிர்த்தரப்பு லிமிடேஷன் வாதத்தை எழுப்பாவிட்டாலும், கெடு கடந்த வழக்கை நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும். அமெரிக்காவில் இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே கடனாளி தானே வந்து சொல்ல வேண்டும்; வராவிட்டால் செத்த கடனுக்கும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பல மாநிலங்களில், கெடு முடிந்த பின் கட்டிய சிறு தொகைகூடக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடும். பழைய பாக்கிகளை வாங்கி விற்கும் சந்தையும் அங்கே பெரிது. அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் ஒன்பது பெரிய நிறுவனங்களின் கணக்கைப் பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு டாலர் பாக்கியைச் சராசரியாக 4 சென்ட்டுக்கு வாங்கியிருந்தார்கள். 6 முதல் 15 ஆண்டு பழையவை என்றால் 2.2 சென்ட். நமக்கு நாற்பத்தைந்தாயிரமாக இறக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, அந்தப் பாக்கி அவர் கைக்கு என்ன விலைக்கு வந்திருக்கும் என்று ஒரு கணம் யோசிப்பது தவறில்லை.

மூன்றாவதாக வருவது ஆள். இந்த இடத்தில் சட்டம் மெதுவாகத்தான் விழித்தது. வங்கிகள் கடன் வசூலுக்கு அடியாள்களை வைப்பதை 2007 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஐசிஐசிஐ வங்கிக்கும் பிரகாஷ் கௌருக்கும் இடையிலான வழக்கு அது. அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் தேவகோட்டைக்காரரான நீதிபதி ஏ.ஆர்.லட்சுமணன். மறு ஆண்டு, வசூல் ஆட்களின் அவமதிப்புக்குப் பின் டெல்லி இளைஞர் ஒருவர் தற்கொலை செய்துகொண்ட வழக்கிலும் அதே நீதிமன்றம் பேச வேண்டியதாயிற்று. 2008 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வசூல் முகவர்களுக்குப் பயிற்சியும் அடையாளமும் கட்டாயம் என்று விதித்தது. 2022-இல் வந்த உத்தரவுகள் இன்னும் தெளிவானவை: காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது; மிரட்டலோ வசையோ கூடாது; நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கும் எந்தச் செயலும் கூடாது; குடும்பத்தார், நண்பர்கள், கார்டுக்குப் பரிந்துரைப் பெயர் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. முகவர் செய்யும் அத்துமீறலுக்கு வங்கியே பொறுப்பு. கடன் கைமாறினால் அதைக் கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும். சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 130-ஆம் பிரிவின்படி மாற்றம் எழுத்தில் இருந்தாக வேண்டும். அந்தப் பத்திரத்தின் நகலைக் கேட்பது உங்கள் உரிமை.

போலீஸ், வாரண்ட், ஜெயில் என்ற சொற்கள் போனில் தாராளமாகப் புழங்கும். கார்டு பாக்கி சிவில் விவகாரம். செக் கொடுத்துத் திரும்பியிருந்தால் மட்டும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வரும், அதற்கும் தனிக் கெடுக்கள் உண்டு. தீர்ப்பாணை வந்த பிறகும்கூட, கட்ட வழியில்லாத நேர்மையான கடனாளியைச் சிறையில் வைக்க முடியாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதினார். கடனைக் கட்ட முடியாமல் போவதைக் குற்றமாக்குவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது உறுப்புக்கு முரண் என்பது அதன் சாரம். கையில் பணம் வைத்துக்கொண்டே தீர்ப்பை ஏமாற்றுகிறவருக்கு அந்தக் காப்பு கிடையாது.

நம் வீடுகளில் இவை எல்லாவற்றையும்விட வலுவாக வேலை செய்வது மானம். இறந்துபோன அப்பாவின் கார்டு பாக்கிக்கு மகனைக் கூப்பிட்டு, "அப்பா பேரைக் காப்பாத்துங்க தம்பி" என்று ஒருவர் சொன்னால் எத்தனை பேரால் மறுக்க முடியும்? பழைய இந்துச் சட்டத்தில் தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மக் கடமை என்ற கோட்பாடே இருந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அந்தக் காரணத்தை மட்டும் வைத்துப் பிள்ளைகள்மேல் வழக்காட முடியாது என்று ஆக்கிவிட்டது. அப்பா விட்டுச்சென்ற சொத்து கைக்கு வந்திருந்தால், அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. எதுவும் வராத மகன், மனச்சாட்சிக்காகக் கட்டலாம். சட்டத்துக்காகக் கட்ட வேண்டியதில்லை.

வாங்கிய பணத்தைக் கொடுக்காமல் தப்பிக்கச் சொல்லித் தருகிறீர்களா என்று ஒரு கேள்வி எழும். எழ வேண்டியதுதான். காலவரம்பு கடனைக் கொல்வதில்லை. கோர்ட்டுக் கதவை மட்டும் சாத்துகிறது என்பதை 1992-இல் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கையில் காசு இருப்பவர், தான் அனுபவித்த தொகையைத் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருக்க விரும்பினால் அது நல்ல முடிவு. அதைக் கண் திறந்து செய்ய வேண்டும். முதலில் வங்கியின் அல்லது வாங்கிய நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கணக்கு எண்ணோடு, 'இந்தத் தொகை கட்டினால் கணக்கு முழுமையாக முடிந்தது' என்ற கடிதம் வரட்டும். பணம் நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். வீட்டுக்கு வந்தவரின் ஜிபே எண்ணுக்குப் போகக் கூடாது. கட்டியதும் நோ டியூ சான்றிதழ் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். குறைத்துக் கட்டினால் சிபிலில் 'செட்டில்டு' என்றுதான் ஏறும். 'குளோஸ்டு' என்று ஏறாது. வீட்டுக் கடன் கேட்கப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. தவறான பதிவு இருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி.

கட்டுவதா வேண்டாமா என்று முடிவாகாத நிலையில், போனில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "எழுத்தில் அனுப்புங்க, பார்த்துட்டுப் பதில் சொல்றேன்." கணக்கு விவரம், கடைசியாகக் கட்டிய தேதி, கடன் மாற்றப் பத்திரம், முகவரின் அங்கீகாரக் கடிதம் ஆகியவை வரட்டும். வரும் வரை ஒரு ரூபாயும் வேண்டாம், ஒரு கையெழுத்தும் வேண்டாம். அழைப்பு அத்துமீறினால் நேரத்தையும் எண்ணையும் குறித்து வைத்து வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும்; 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். கோர்ட்டு முத்திரையோடு எது வந்தாலும் அதை மட்டும் ஒருநாளும் பிரிக்காமல் வைக்கக் கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் எல்லாருக்கும் அங்கே இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

அமெரிக்காவில் 2021 நவம்பர் 30 முதல் ஒரு விதி இருக்கிறது. காலாவதியான கடனுக்கு வசூல்காரர் வழக்குப் போடவும் கூடாது, போடுவேன் என்று மிரட்டவும் கூடாது. நம் ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவுகள் அழைக்கும் நேரத்தைச் சொல்கின்றன, பேசும் தொனியைச் சொல்கின்றன. கெடு முடிந்துவிட்டது என்பதைக் கடனாளியிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரியும் அவற்றில் இல்லை. செட்டில்மென்ட் கடிதத்தின் தலைப்பில், தமிழில், 'இந்தக் கடனுக்கு வழக்குத் தொடரும் காலம் முடிந்துவிட்டது. இதில் கையெழுத்திட்டால் புதிய பொறுப்பு உண்டாகும்' என்று அச்சிடச் சொல்ல ஒரு சுற்றறிக்கை போதும். ரிசர்வ் வங்கி அதைப் போட வேண்டும்.